முட்டபேட மேடம்

ஃபினாயில் வாசனை வந்தால் நான் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன். மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருமாம். எனக்கு ஒரு தலைமையாசிரியையின் ஞாபகம் வரும். அந்த அம்மாளின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் உடனே கையைக் கழுவத் தோன்றும். அது அவருடைய பழக்கம், எனக்கு வேண்டாம். பிள்ளைகள் வைத்த பெயரே போதும். முட்டபேட மேடம்.

கன்னடம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ‘முட்டபேட’ என்றால் ‘தொடாதே’. ‘முட்டு’ என்றால் தொடுவது, ‘பேட’ என்றால் வேண்டாம். ஒரு நாளைக்கு அந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்கிறார் என்று எண்ண ஆரம்பித்து, காலை பிரேயர் முடிவதற்குள்ளேயே சலித்துப்போய் விட்டுவிட்டேன். சுவரை முட்டபேட. செடியை முட்டபேட. என் மேஜையை முட்டபேட. பக்கத்தில் ஒரு பிள்ளை வந்து நின்றாலே புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ‘ச்சீ, முட்டபேட!’ அந்த ‘ச்சீ’ பல்லுக்கு நடுவிலிருந்து வரும்.

சந்தாபுராவில் இறங்கி ஷேர் ஆட்டோவில் உள்ளே போகவேண்டிய ஒரு கிராமம். அரசு ஆரம்பப் பள்ளி. இரண்டு வகுப்பறை, ஒரு சமையல் அறை, ஒரு கொடிக்கம்பம், அவ்வளவுதான். நான் நகரத்துக்குள், நீலசந்திராவிலிருந்து தினமும் போய் வருவேன். கெஸ்ட் டீச்சர், ஒரு வருஷத்துக்கு மட்டும். சுற்றிலும் ரோஜாப்பூ வளர்க்கிற பிளாஸ்டிக் ஷெட்டுகள். அங்கே வேலைக்கு வந்த தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் பள்ளியில் முக்கால்வாசி. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம்.

சின்ன வகுப்புகளுக்கு வந்திருந்த பாடத்திட்டம் இருக்கிறதே, அதை யோசித்தவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். வரிசையாக உட்கார்ந்து கத்துகிற வேலையே கிடையாது. எழுத்து அட்டைகள், எண் அட்டைகள், கம்பியில் கோத்த மணிகள், களிமண், எழுதிப் பழக மணல் தட்டு. ஒவ்வொரு அட்டையிலும் எந்தப் பாடம் என்று அடையாளம் காட்ட ஒரு படம். பிள்ளை தானே எழுந்து போய்த் தன் படத்தைக் கண்டுபிடித்து அட்டையை எடுத்து வந்து, வட்டமாக உட்கார்ந்து, தடவிப் பார்த்து, எழுதிப் பார்த்துப் படிக்கவேண்டும். அ, ஆ என்றுகூடத் தொடங்காது. ‘ர’ என்ற எழுத்தில் தொடங்கும், கன்னட ‘ர’ சுழித்து எழுதச் சுலபம் என்பதால். மொத்தப் படிப்பும் பிள்ளையின் கையில்தான் இருந்தது. அந்தப் படிப்பை யார் கையில் கொடுத்தார்கள் பாருங்கள்!

முட்டபேட மேடம் அத்தனையையும் கண்ணாடிக் கதவு போட்ட பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். அட்டைகள் வந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. களிமண் கல்லாகிப்போயிருந்தது. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே பார்க்கும். மூக்கு பட்ட இடமெல்லாம் வட்டம் வட்டமாகத் தடம் விழும். மேடம் பழைய பேப்பரை நனைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தத் தடங்களைத் துடைப்பார். பாடம் நடத்தவேண்டிய நேரத்தில் பாதி இதற்கே போகும்.

மீதி நேரம் அவர் மேஜைக்குப் பின்னால் நின்று ஒரு அட்டையை உறையோடு தூக்கிக் காட்டுவார். பிள்ளைகள் வரிசையாகக் கைகட்டி உட்கார்ந்து ‘ர... ர...’ என்று கத்தும். பத்தடி தூரத்திலிருந்து என்ன தெரியும்? உறையில் அடிக்கிற வெயில்தான் தெரியும்.

‘பீரோ சாவி குடுங்க மேடம், முதல் வகுப்புக்கு மட்டுமாவது’ என்று நான் கேட்டேன்.

‘ஹாளாகுத்தே’ என்றார். பாழாகிவிடுமாம். பிறகு பிள்ளைகள் வெளியே போனதும் தமிழில், ‘அந்தக் கைங்களப் பாத்தியாம்மா? எங்கெங்க வச்சிட்டு வருதுங்களோ. ஒரு தடவ தொட்டா தீந்துது. அப்புறம் யாரு தொடுவா அத?’

ஆமாம், வீட்டு பாஷை அவருக்கும் தமிழ்தான். தமிழர்கள் நிறைந்த அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் பிள்ளைகள் காதுபட ஒரு வார்த்தை தமிழ் வராது. ஏன் மேடம், புரியாமல் முழிக்கிறதுகளே, ஒரு வார்த்தை தமிழில் சொல்லக்கூடாதா என்று கேட்டதற்கு, ‘நம்ம பாஷைல பேசுனா வந்து ஒட்டிக்கும்மா இதுங்க. தள்ளியே வைக்கணும்’ என்றார். கன்னடம் பாவம், அதை ஒரு குச்சி மாதிரி நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

என்னை ஒட்டவிட்டாரா என்றால், மூன்று நாள் விட்டார். ஒரே ஃபிளாஸ்கிலிருந்து காபி, ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர். நாலாம் நாள் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, ‘நீலசந்திரால எந்தப் பக்கம்மா?’ என்றார். எங்கள் சந்து முனையில் நீலக் கொடிக் கம்பம் இருக்கும், அதற்கு எதிர் வீடு என்று சொன்னேன். ‘ஓ’ என்றார். மறுநாள் எனக்குப் பேப்பர் கப்பில் காபி வந்தது.

‘ஹைஜீன்மா. இப்பல்லாம் யாருக்கு என்ன இருக்குன்னு சொல்ல முடியுதா?’

அவர் மட்டும் டம்ளரிலேயே குடித்தார். இந்த ஹைஜீனுக்கு எங்கப்பா ஒரு வார்த்தை வைத்திருந்தார், அச்சில் போட முடியாது. அன்றோடு நான் கையில் பாட்டில் தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்தேன். அந்தக் காபியின் வாசனைகூட எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

நியாயமாகச் சில விஷயங்களையும் சொல்லவேண்டும். ஒரு நாளும் லேட்டாக வந்ததில்லை. கரும்பலகையில் அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஃபினாயில் வீட்டிலிருந்து கொண்டுவருவார். வாசலில் குரோட்டன்ஸ் செடிகளின் இலையை ஒவ்வொன்றாகத் துடைப்பார். கக்கூஸ் பளபளவென்று இருக்கும். இருக்காதா பின்னே? அதையும் பூட்டி வைத்திருந்தாரே! பெண் பிள்ளைகள் காம்பவுண்டுக்குப் பின்னால் உண்ணிச்செடிப் புதருக்குப் போய்விட்டு வரும். வந்து நின்றால், எங்கே போய்விட்டு வருகிறது பார் என்று கன்னடத்தில் சொல்லி, ‘ச்சீ, முட்டபேட!’

மூன்றாம் வகுப்பில் பவித்ரா என்று ஒரு பெண். ‘பேரு மட்டும் பவித்ரா’ என்பார் மேடம் கன்னடத்தில், அவள் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம். மூன்று வருஷமாக அந்தப் பெண்ணுக்கு ஒரே ஆசை, முயல் படம் போட்ட அட்டையைக் கையில் வாங்கவேண்டும். அந்த அட்டையில்தான் ‘ர’ இருந்தது. கண்ணாடிக்குள் மேல் தட்டில் முதலாவதாக இருப்பதும் அதுதான். தண்ணீர்க் குழாயடியில் விரலை நனைத்து சிமெண்ட் தரையில் முயல் வரைவாள். காது மட்டும் வரைவதற்குள் வெயிலில் காய்ந்துவிடும். மறுபடியும் நனைப்பாள்.

அவள் அம்மா ரோஜா ஷெட்டில் வேலை. தீபாவளி லீவு முடிந்து பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: ‘மிஸ்ஸு, மூணு வருசம் ஆச்சு. ஒரு எழுத்து கேட்டா முழிக்கிறா. இந்த வருசம் பாப்பேன். படிப்பு ஏறுச்சுன்னா நான் கஞ்சியக் குடிச்சாவது அனுப்பறேன். ஏறலன்னா எதுக்கு? வூட்ல சின்னவன் இருக்கான், பாத்துக்க ஆளில்ல. நின்னுக்கட்டும்.’

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று ராத்திரியே கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி நானே அட்டைகள் செய்தேன். முயல் எனக்கு வராது. எலி மாதிரி வந்தது. இருந்தாலும் பிள்ளைகள் அதைச் சுற்றி விழுந்து புரண்டு விளையாடின. மூன்றாம் நாள் மேடம் பார்த்துவிட்டார். இரண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். பிள்ளைகள் வெளியே போனதும் சொன்னார்:

‘வீட்டுக் குப்பையெல்லாம் ஸ்கூலுக்குக் கொண்டு வராதம்மா. ஆபீசர் பாத்தா என்ன நெனைப்பாங்க?’

பிறகு நான் தரையில் சாக்பீஸால் எழுதிக் கற்றுக்கொடுத்தேன். மேடம் வருகிற சத்தம் கேட்டால் பிள்ளைகளே காலால் அழித்துவிடும். அப்படித்தான் பவித்ராவுக்கு ‘ர’ வந்தது. பிறகு க, ச, த வந்தது. ஜனவரியில் ‘தசரா’ என்ற வார்த்தையைக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான் முட்டை சமாசாரம். மதியச் சாப்பாட்டோடு பிள்ளைகளுக்கு அவித்த முட்டை கொடுப்பார்கள். மேடத்துக்கு முட்டை நாற்றம் ஆகாது. மூக்கில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு தூர நிற்பார். பவித்ரா தட்டில் சோறும் சாம்பாரும் மட்டும் வாங்கிக்கொண்டு போய் உட்காருவதை நான் கவனித்தேன். ஒரு நாள் இல்லை, பல நாள். பக்கத்துப் பிள்ளை முட்டை உரிப்பதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

‘ஏண்டி, முட்டை பிடிக்காதா?’

‘பிடிக்கும் மிஸ்.’

‘அப்புறம் ஏன் வாங்கல?’

‘மேடம் எனக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க.’

‘எப்பச் சொன்னாங்க?’

‘டெய்லி சொல்றாங்களே மிஸ். பீரோகிட்ட போனா, முட்ட பேடங்கிறாங்க.’

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முட்டை தமிழ், பேட கன்னடம். இரண்டையும் ஒட்டித் தனக்கு முட்டை கிடையாது என்று புரிந்துகொண்டிருக்கிறாள். ஊருக்குள் இரண்டு பாஷையையும் கலந்துதானே எல்லோரும் பேசுகிறோம், அந்தப் பிள்ளை மட்டும் எப்படிப் பிரித்துப் பார்க்கும்? பீரோவைப் பார்க்கப் போன குற்றத்துக்கு முட்டை தண்டனை என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், அழாமல், அந்தத் தண்டனையை அனுபவித்திருக்கிறாள்.

‘அடி பைத்தியமே, அது முட்டை இல்லடி. முட்டபேடன்னா தொடாதேன்னு அர்த்தம்.’

அவள் பீரோ பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

‘எதத் தொடக்கூடாது மிஸ்?’

‘அட்டைய. கதவ.’

‘நான் சும்மா நின்னாலும் சொல்றாங்களே?’

நான் போய் ஒரு முட்டை வாங்கி வந்து அவள் தட்டில் வைத்தேன். சாப்பிட்டாள். ஆனால் அதுவரை மேடம் கத்தும்போது முட்டையை நினைத்து ஏக்கமாகப் பார்ப்பவள், அதற்குப் பிறகு தன் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். பாவாடையில் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள்.

பொறுக்கமுடியாமல் மேடத்திடம் போய்ச் சொன்னேன். இதைக் கேட்டாவது கொஞ்சம் கரைவார் என்று நினைத்தேன், என் புத்தி. அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ‘முட்ட... பேட! ஐயோ!’ கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘நீ ஏம்மா சொன்ன? அந்த நாத்தம் ஒரு தட்டுக்காவது கொறஞ்சிருக்கும்’ என்றார். அடுத்த வாரம் மீட்டிங்குக்கு வந்த மற்றப் பள்ளி ஆசிரியர்களிடம் அதையே நடித்துக் காட்டினார். பவித்ரா மாதிரி வாயைக் கோணிக்கொண்டு. அவர்களும் சிரித்தார்கள். த்தூ!

இன்னொன்று சொல்லாவிட்டால் மனசு ஆறாது. ஒரு மத்தியானம் போனை என் முன்னால் நீட்டினார். அவர் பேரன், நாலு வயசு இருக்கும். ஏதோ பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். முகம், முடி, சட்டை எல்லாம் களிமண். இரண்டு கையையும் கேமராவுக்கு நேராக விரித்துக்கொண்டு சிரிக்கிறான்.

‘பாத்தியா என் தங்கத்த? ஆக்டிவிட்டி பேஸ்டாம். தொட்டுத் தொட்டுத்தான் கத்துக்கணுமாம். சீட் கெடைக்கவே மகன் எவ்வளவு அலைஞ்சான் தெரியுமா?’

சொல்லிக்கொண்டே போன் திரையில் அந்தக் களிமண் கைக்கு ஒரு முத்தம் கொடுத்தார். எதிரே பீரோவுக்குள் கல்லாகிப்போன களிமண் இருந்தது. நான் அந்தப் பீரோவைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். போனை உள்ளே வைத்துவிட்டுக் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்தார் என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வராதீர்கள்.

பிப்ரவரியில் ஆபீசர் வந்தார். பெற்றோர்களையும் வரச்சொல்லியிருந்தார்கள். பவித்ராவின் அம்மா அரை நாள் லீவு போட்டு, கையில் முள் கீறலோடு வந்து ஜன்னல் பக்கம் நின்றாள். முந்தின நாளே நான் அவளிடம் சொல்லியிருந்தேன், ‘வந்து பாருங்க, உங்க பொண்ணு படிக்கிறா’ என்று. அவள் முகத்தில் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் தலைக்கு எண்ணெய் வைத்துப் பிள்ளையை இழுத்துப் பின்னி அனுப்பியிருந்தாள்.

மேடம் பீரோவைத் திறந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உறைகளைக் கத்தரித்து அட்டைகளை மேஜை மேல் பரப்பினார். ஆபீசர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து அசந்துபோனார். ‘ஹொஸதர தர இதெ!’ புதுசு மாதிரியே இருக்கிறதாம். மற்றப் பள்ளிகளில் எல்லாம் கிழிந்து, மூலை மடங்கி, எண்ணெய்க் கறையோடு இருக்குமாம். இருக்கும், அங்கே படிக்கிறார்கள். மேடம் தலையைக் குனிந்துகொண்டு வெட்கப்பட்டார்.

ஆபீசர் பிள்ளைகளைப் பார்த்து, முன் வரிசையில் எண்ணெய் மினுக்கோடு உட்கார்ந்திருந்த பவித்ராவைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், குனிந்து சிரித்தபடி கேட்டார்: ‘ர தகோம்மா.’ ‘ர’வை எடு.

முயல் அட்டை அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அவள் பார்வை நேராக அதன்மேல்தான் போய் நின்றது, நான் பார்த்தேன். கை எழுந்தது. பாதியில் நின்றது. விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். பாவாடையில் துடைத்தாள். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

‘தகோம்மா, யாகெ?’ எடும்மா, ஏன் எடுக்கவில்லை என்றார்.

‘முட்டபேட’ என்றாள், மெதுவாக.

ஆபீசர் ஒரு நொடி விழித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். ‘எஷ்டு டிசிப்ளின்!’ என்றார். எவ்வளவு ஒழுக்கமாம்! மேடமும் சிரித்தார். ‘சார், அவளுக்குத் தெரியும் சார், எழுதச் சொல்லுங்க’ என்று நான் கன்னடத்தில் கத்தினேன். அவர் அதற்குள் அடுத்த பிள்ளையிடம் போயிருந்தார். மேடம் ஜன்னலுக்கு வந்தார். பிள்ளைகள் முன்னால் அவர் தமிழ் பேசி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

‘உன் பொண்ணுக்கு மூளைல ஏறாதும்மா. மூணு வருஷமா நானும் பாக்குறேன்.’

முப்பது பிள்ளைகளுக்கும் அது நன்றாகப் புரிந்தது.

நான் அம்மாவிடம் ஓடினேன். அவளுக்கு எழுத்து தெரியும், பயத்தில் எடுக்கவில்லை, தரையில் எழுதச்சொல்கிறேன் பாருங்கள் என்று கெஞ்சினேன். ‘நான் கண்ணால பாத்தேன்ல மிஸ்ஸு. முன்னால கெடக்கறத எடுக்கத் தெரியல’ என்றாள். பவித்ராவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. மேஜையைப் பார்த்ததா, என்னைப் பார்த்ததா, தெரியாது.

சுத்தத்துக்காக அந்தப் பள்ளிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடம் அதையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு அவர் ரிட்டயர் ஆகி, சால்வை போட்டு, மாலை போட்டு, பிள்ளைகளின் தாய் என்று யாரோ மைக்கில் பேசினார்களாம். கேள்விப்பட்டேன். நல்லவேளை, எதையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

ஆபீசர் வந்துபோன பிறகு பவித்ரா ஒரு வாரம் வரவில்லை. சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் ரோஜா ஷெட்டுகளைத் தேடிப் போனேன். ஆபீசர் வந்த அன்று மேஜையில் கிடந்த முயல் அட்டையை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். திருட்டுதான். மேடம் தேடவில்லை, எப்படியும் அதை எண்ணிப் பார்க்கத் தொடவேண்டுமே.

லைன் வீடுகளுக்கு முன்னால் ஒரு மண் மேட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வயசுத் தம்பி பக்கத்தில் மண்ணை அளைந்துகொண்டிருந்தான். உடம்பெல்லாம் செம்மண். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அம்மா ஷெட்டில் இருக்கிறாள் என்றாள். திங்கட்கிழமை வருவாயா என்றேன். ‘தம்பியப் பாத்துக்கணும் மிஸ்’ என்றாள்.

நான் அட்டையை எடுத்து நீட்டினேன். ‘இந்தா. உனக்குத்தான். வச்சுக்க.’

அவள் கண் பெரிதானது. முயலைப் பார்த்தாள், காதிலிருந்து வால் வரைக்கும். வாய்க்குள்ளே ‘ர’ என்றாள். கையை மட்டும் நீட்டவில்லை. நான் குனிந்து அதை அவள் காலடியில், ஒரு செங்கல்லின்மேல் வைத்தேன். எடுத்துக்கொள் என்று தலையாட்டினேன்.

அவளுக்கு முன்னால் தம்பி தவழ்ந்து வந்தான். முயலைப் பார்த்துச் சிரித்தான். மண் அப்பிய உள்ளங்கையை விரித்து அட்டையின் மேல் வைக்கப்போனான்.

பவித்ரா பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

‘ச்சீ! முட்டபேட!’

பல்லுக்கு நடுவிலிருந்துதான் வந்தது.